திடல் புல்லுக்கு எந்த உரம்? மூட்டையில் உள்ள மூன்று எண்களைப் படியுங்கள்

ஜார்ஜ்டவுன் – நகர மண்டபத்தின் எதிரே, கடலோரம் பரந்து கிடக்கும் பாடாங் கோத்தா லாமா திடலை அறியாத பினாங்குவாசிகள் குறைவு. விழா, அணிவகுப்பு, மாலை உலா என்று அந்தப் புல் ஓயாமல் மிதிபடுகிறது. நம் பள்ளித் திடல்கள், கோயில் வளாகங்கள், வீட்டு முற்றங்களின் நிலையும் அதுதான்.

புல் மஞ்சளித்தால், தோட்டத்தில் பழகிய கை உடனே யூரியாவை அள்ளி வீசும். ஆனால் செம்பனை மரம் வேறு, புல் வேறு. புல்லின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. அளவு மிஞ்சினால் சில நாள்களிலேயே புல் கருகும்.

மூட்டையில் 15:15:15 என்று அச்சிட்டிருந்தால் அவை முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்தின் விழுக்காடு. தழைச்சத்து பச்சை தரும். மணிச்சத்து வேர் பிடிக்க உதவும். புதிதாகப் புல் பதிக்கும்போது அது முக்கியம். சாம்பல்சத்து மிதிபாட்டையும் வறட்சியையும் தாங்க வைக்கும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து மட்டுமே உண்டு. மற்ற இரண்டும் இல்லை.

100 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 1,000 சதுர அடிக்கு, ஒரு முறைக்கு 250 கிராம் தழைச்சத்து போதும் என்று வைத்துக்கொள்வோம். 15:15:15 உரமானால் சுமார் 1.7 கிலோ தேவை. யூரியாவானால் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

உரம் வாங்கும் முன் மண்ணின் புளிப்பைச் சோதியுங்கள். மழை அதிகமான நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பானது. கார அமிலக் குறியீடு 5க்கும் கீழே இறங்கினால், போட்ட சத்தைப் புல் சரியாக எடுக்க முடியாது. அப்போது முதலில் தேவைப்படுவது டோலமைட் சுண்ணாம்பு. அதை யூரியாவுடன் சேர்த்துப் போடக் கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். இரண்டுக்கும் சில வாரங்கள் இடைவெளி விடுங்கள்.

மிதிபட்டு இறுகிய மண்ணில் எந்த உரமும் வேலை செய்யாது. முள்கரண்டியால் குத்தித் துளையிட்டு, காற்றும் நீரும் இறங்க வழி செய்யுங்கள்.

கனமழைக்கு முன் உரம் போடாதீர்கள். அது கால்வாய் வழியே கடலுக்குப் போகும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணமும் அதோடு போகும். புல் காய்ந்திருக்கும் மாலையில் சீராகத் தூவி, உடனே லேசாக நீர் தெளியுங்கள். ஒரே நாளில் மூட்டையைக் காலி செய்வதைவிட, அளவாகப் பிரித்துப் பல முறை போடுவதே பலன் தரும்.