சாமி அலமாரிப் புத்தகம் நமக்கு என்ன சொல்கிறது?

நம் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் கட்டாயம் இருக்கும். மஞ்சளும் குங்குமமும் படிந்து, முதல் நாலு பக்கம் கழன்று, அட்டைக்கு மேல் காக்கிக் காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் சுந்தர காண்டம், இன்னொரு வீட்டில் தேவாரத் திரட்டு, அடுத்த வீட்டில் பைபிள், அதற்கடுத்த வீட்டில் உயரமான பலகையில் துணியில் சுற்றி வைத்த குர்ஆன். தினமும் படிக்கிறோமோ இல்லையோ, ஒரு கஷ்டம் வந்தால் கை தானாக அங்கேதான் போகிறது.

பெண்ணுக்கு வந்திருக்கும் வரனை முடிக்கலாமா? வீட்டுக்காரருக்கு ஆபரேஷனை இப்போதே செய்யலாமா, தை பிறக்கட்டும் என்று இருக்கலாமா? இருக்கிற நாலு சவரனை விற்று மனை வாங்கலாமா? குழம்பில் சந்தேகம் வந்தால் மாமியாரைக் கேட்கிறோம். பத்திரத்தில் சந்தேகம் வந்தால் வக்கீலைக் கேட்கிறோம். "நாளைக்கு என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு மட்டும் யாரைக் கேட்பது? அதற்குத்தான் அந்தப் புத்தகம்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. ஓலைச்சுவடிக் காலத்திலேயே "கயிறு சாத்திப் பார்ப்பது" என்று ஒரு வழக்கம் உண்டு. சுவடிக் கட்டின் நடுவே ஒரு நூலைச் செருகி, அந்த இடத்து ஏட்டில் என்ன பாட்டு வருகிறதோ அதையே உத்தரவாக எடுத்துக்கொள்வார்கள். மதுரையில் சமணரோடு வாது செய்தபோது திருஞானசம்பந்தர் தம் சுவடிக் கட்டில் இப்படிப் பார்த்து எடுத்தது திருநள்ளாற்றுப் பதிகம் என்றும், அந்த ஏடு தீயில் வேகவில்லை என்றும் பெரிய புராணம் சொல்கிறது. பழைய பஞ்சாங்கங்களில் சீதை சக்கரம், ராமர் சக்கரம் என்று கட்டம் போட்டிருக்கும். கண்ணை மூடி விரலை வைத்தால் அந்தக் கட்டத்துக்கு ஒரு பலன்.

நம் ஜனங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலில் தினமும் விடியற்காலையில் சீக்கியர்களின் குரு கிரந்த சாகிபைப் பிரித்து, இடது பக்கத்தில் மேலே வரும் பாடலை அன்றைய உத்தரவாக வாசிக்கிறார்கள். கி.பி. 386-ல் இத்தாலி தேசத்து மிலான் நகரில் அகஸ்டின் என்பவர் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, "எடுத்துப் படி" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டதாம். பவுலின் நிருபத்தைப் பிரித்தார், கண்ணில் பட்ட இடத்தைப் படித்தார், அவருடைய வாழ்க்கையே மாறிவிட்டது. இன்றைக்கும் புது வருஷத்தன்று நம் கிறிஸ்தவ சகோதரிகள் சர்ச்சில் வாக்குத்தத்த வசனச் சீட்டு எடுத்து, வருஷம் பூரா பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். போதாததற்கு இப்போது போனிலேயே காலையில் ஒரு சுலோகமும் ஒரு வசனமும் வந்து விழுகின்றன!

ஏன் இப்படி? நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. இருந்தாலும் இருபத்தைந்து வருஷக் குடும்பத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் காரணம், மனசுக்கு ஒரு பிடி வேண்டும். பயத்தில் இருப்பவளுக்கு நாலு பேர் நாலு விதமாகப் புத்தி சொன்னால் தலைதான் சுற்றும். புத்தகம் அப்படி இல்லை. அம்மா படித்தது, பாட்டி படித்தது, நேற்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறது. வாய்விட்டு நிதானமாகப் படிக்கும்போது மூச்சும் நிதானப்படுகிறது. 2001-ல் இத்தாலிய டாக்டர்கள் 23 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஜபமாலை சொன்னாலும் சரி, மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு நிமிஷத்துக்கு ஆறு தடவை என்ற அளவுக்கு அடங்கி, இருதயத் துடிப்பும் அதோடு ஒத்துப்போனதாம். ஆக, படித்தால் மனசு அமைதியாகிறது என்று நம் பாட்டிகள் சொன்னது வெறும் பேச்சு இல்லை.

இரண்டாவது காரணம், பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம். "நானாக முடிவெடுத்தேன், தப்பாகப் போச்சு" என்று நாளைக்கு யாரும் சுட்டிக்காட்டக் கூடாதே! சாமி சொல்லி நடந்தது என்றால் பழி பாதியாகிவிடும்.

மூன்றாவதை ஆண்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பல வீடுகளில் பெண்ணின் வார்த்தைக்கு மதிப்பில்லை, சாமி வார்த்தைக்கு உண்டு. எங்கள் தெருவில் ஒரு அம்மாள். மகள் ப்ளஸ் டூ முடித்ததும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிட வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். இவள் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, எல்லாரையும் வைத்துக்கொண்டு தேவாரத்தைப் பிரித்தாள். "பொண்ணு படிக்கணும்னு உத்தரவு வந்திருக்கு" என்றாள். மாமனார் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் இன்று நர்ஸாக வேலை பார்க்கிறாள்.

"ஏம்மா, உண்மையில என்ன பாட்டுதான் வந்துச்சு?" என்று பிறகு கேட்டேன்.

"யாருக்குக்கா தெரியும்? எனக்கு வேணுங்கிற மாதிரி அர்த்தம் சொல்லிக்கிட்டேன்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு பயம் வந்தது. பெண் படிக்கட்டும் என்று அர்த்தம் சொன்ன அதே பாட்டுக்கு, பெண் படிக்க வேண்டாம் என்று இன்னொருத்தர் அர்த்தம் சொன்னால்? நாம் புத்தகத்திடம் கேட்பதாக நினைக்கிறோம். பாதி நேரம் நம் மனசில் இருப்பதைத்தான் அதன் வாயால் சொல்ல வைக்கிறோம்.

இதற்கு எங்கள் செஞ்சியிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததே, அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் சிங்கவரம் என்று ஒரு ஊர். குன்றின் மேல் குடைவரைக் கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். ராஜா தேசிங்கு சண்டைக்குப் புறப்படும் முன் இங்கே வந்து உத்தரவு கேட்டானாம். பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றைக்கும் அந்தத் திரும்பிய முகத்தைக் காட்டித்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். ஆனாலும் தேசிங்கு போனான். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி, இருபத்திரண்டு வயசில் உயிரை விட்டான்.

கேட்டவன் எதற்குக் கேட்டான்? முன்பே முடிவு செய்துவிட்டவன் உத்தரவு கேட்பது பெயருக்குத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குடைவரை பல்லவர் காலத்தது. தேசிங்கு பிறப்பதற்குச் சுமார் ஆயிரம் வருஷம் முந்தியது. ராஜா செத்த பிறகுதான் அந்த முகத்துக்கு ஜனங்கள் இப்படி அர்த்தம் கண்டிருக்க வேண்டும். நடந்து முடிந்த பிறகு எல்லா அடையாளமும் நன்றாகத்தான் புரியும்!

இதையெல்லாம் நான் யோசிக்க வேண்டி வந்தது என் நாத்தனாருக்காக. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படுவதாகச் சொன்னாள். "வலி கிலி ஒண்ணும் இல்லை அண்ணி. சுந்தர காண்டம் ஆரம்பிச்சிருக்கேன். ஒரு மண்டலம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நேத்து சும்மா பிரிச்சுப் பார்த்தப்போகூட நல்ல இடமாத்தான் வந்துச்சு" என்றாள். வீட்டில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ராத்திரி தூங்கவில்லை.

பாராயணத்தை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதுதானே அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது! "இப்ப எந்த சர்க்கம் படிக்கிறே?" என்று மட்டும் கேட்டேன். பதினொன்று என்றாள். "இன்னும் ரெண்டு சேத்துப் படி. நானும் உக்காந்து கேக்கறேன்" என்றேன்.

வால்மீகியின் சுந்தர காண்டத்தில் 68 சர்க்கங்கள். பதின்மூன்றாவது சர்க்கத்தில் அனுமார் இலங்கை முழுவதும் தேடிவிட்டார், சீதையைக் காணோம். மனசு உடைந்துபோகிறார். வெறுங்கையோடு திரும்புவதைவிட உயிரை விடுவது மேல் என்றுகூட நினைக்கிறார். பிறகு தேறிக்கொண்டு, தாம் இன்னும் தேடாத ஒரு இடம் பாக்கி இருக்கிறதே என்று பார்க்கிறார். அதுதான் அசோகவனம். ராமனை நினைத்தார், தேவர்களைக் கும்பிட்டார். அதோடு கை கட்டி உட்காரவில்லை, எழுந்து தேடப் போனார்.

படித்து முடித்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவருக்கே பயம் வந்திருக்கே அண்ணி" என்றாள். அப்புறம், "நாளைக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்றாள்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன், ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுக்கும் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. ஆபரேஷனும் மருந்துமாக ஒரு வருஷம் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்று நல்லபடியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அந்தப் புத்தகம் தலைமாட்டில்தான் இருந்தது. டாக்டரம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

பிரித்த இடத்தில் வந்த வரி "பொறு" என்றது போல அவளுக்குத் தோன்றியது. முழுசாகப் படித்தபோது அதே புத்தகம் "போய்ப் பார்" என்றது. பகவத் கீதையும் அப்படித்தான். பதினெட்டு அத்தியாயம் உபதேசம் செய்த கிருஷ்ணன், கடைசியில் இதையெல்லாம் நன்றாக யோசித்து உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்று அர்ஜுனனிடமே விட்டுவிடுகிறான். பகவானே முடிவை மனுஷனிடம் விட்டிருக்கும்போது, நாம் நூலைச் செருகி முடிவு கேட்பது என்ன நியாயம்?

அந்தக் காலத்தில் புத்தகத்தை எப்படிப் படித்தார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணிக்குப் பொருள் தெரியாமல் தவித்த சமயம். கும்பகோணத்தில் ஒரு சமணர் வீட்டுக்குப் போனார். வாசலில் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், அந்த வீட்டில் சிந்தாமணி படித்துக் கேட்டு வந்தது அன்றோடு பூர்த்தியாகிறதாம்! அங்கே அவருக்குச் சந்தேகம் தீர்த்து உதவியவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்ததில் எங்கள் சீமைக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமை. பாருங்கள், முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்க, புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முடித்ததும் கல்யாணம் போல் கொண்டாடியிருக்கிறார்கள்.

நாமும் அப்படிச் செய்யலாமே! வாரம் ஒரு நாள் மத்தியானம் அக்கம் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து, எந்தப் புத்தகமானாலும் சரி, வரிசையாகப் படிக்கலாம். தனியாக உட்கார்ந்து பிரித்தால் நம் பயம் மட்டும்தான் கூட இருக்கும். நாலு பேர் இருந்தால், "இதுக்கு அப்படி அர்த்தம் இல்லையே" என்று சொல்ல ஒருத்தியாவது இருப்பாள். மார்பில் கட்டி என்று சொல்லவும் ஒரு காது கிடைக்கும்.

அதைப் பற்றி ஒரு வார்த்தை. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. கெட்ட கட்டி ஆரம்பத்தில் அநேகமாக வலிக்காது. கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, தோல் சுருங்கிக் குழி விழுவது, இவற்றில் எது இருந்தாலும் நாள் பார்க்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தத் துக்கத்தோடு அவர் வீட்டுக்குள் முடங்கியிருந்தால் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்திருக்காது.

புத்தகம் பூஜை அலமாரியிலேயே இருக்கட்டும், சகோதரிகளே. பயமாக இருக்கும்போது எடுத்துப் படியுங்கள், கண்ணீர் விட்டுப் படியுங்கள், அது குறைவில்லை. நடுவில் பிரித்துவிட்டு மூடாதீர்கள், முழுசாகப் படியுங்கள். படித்து முடித்த பிறகு போக வேண்டிய இடத்துக்குக் கிளம்புங்கள். கிளம்ப வேண்டிய கால் நம்முடையதுதான்.