இரவில் அடைபடும் காட்டுச் சாலை

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் கோடை விடுமுறைக்கு உதகமண்டலம் செல்லும்போது, குண்டல்பேட்டையைக் கடந்ததும் பந்திப்பூர்க் காட்டினுள் நுழைகின்றனர். இரவு 9 மணிக்கு அவ்வழி அடைபட்டுவிடும். மறுநாட் காலை 6 மணிக்கே திறக்கும். சற்றுப் பிந்தி வந்தவர்கள் குழந்தைகுட்டிகளுடன் சோதனைச்சாவடியில் விடியும்வரை காத்திருக்க நேர்கிறது. இஃது என்ன கட்டுப்பாடு என்று அலுத்துக்கொள்வது இயல்பே. காரணத்தை அறிந்தால் அலுப்புச் சிறிது தணியக்கூடும்.

மைசூர் மன்னர்கள் வேட்டையாடிய காடு இது. 1931-ஆம் ஆண்டில் மன்னரே இதன் ஒரு பகுதியை வேணுகோபால வனவிலங்குப் பூங்கா என்னும் பெயரால் காப்பிடமாக்கினார். 1973-இல் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதன்முதல் தேர்ந்தெடுத்த ஒன்பது காடுகளுள் பந்திப்பூரும் ஒன்று. தெற்கே மோயாற்றிற்கு அப்பால் நம் முதுமலை, மேற்கே வயநாடு, வடமேற்கே நாகரஹொளே. மாநிலங்கள் மூன்றாயினும் காடு ஒன்றே. கோடையில் குட்டைகள் வற்றியதும் யானைக் கூட்டங்கள் நீரை நாடிக் கபினி நீர்த்தேக்கக் கரைவரை செல்கின்றன.

இக்காட்டை ஊடறுத்தே சாலை செல்கிறது. பகலில் ஒதுங்கியிருக்கும் கடமான், சிறுத்தை, முள்ளம்பன்றி முதலியன இருட்டியபின் நடமாடத் தொடங்குகின்றன. காட்டுத்தீ பரவாதிருக்கச் சாலையோரப் புதர்களை வெட்டி எரிப்பதால் அங்கே இளம்புல் தளிர்க்கிறது; அதனை மேயப் புள்ளிமான்கள் வருகின்றன. விளக்கொளி கண்ணிற் பட்டதும் மான் பெரும்பாலும் ஓடுவதில்லை, திகைத்து நின்றுவிடுகிறது. விரைந்து வரும் லாரியை நிறுத்துவதற்குள் காரியம் முடிந்துவிடும். உயிரிழப்பு ஒருபுறமிருக்க, ஓயாத போக்குவரத்து, கன்றுடன் சாலையைக் கடக்க வரும் யானைகளையும் தடுத்து நிறுத்திவிடுகிறது.

ஆகவே 2009-இல் சாமராஜநகர மாவட்ட நிருவாகம் இரவுப் போக்குவரத்திற்குத் தடை விதித்தது. எதிர்ப்பெழுந்தது, 2010-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. காய்கறி வணிகர்களுக்கு இதனால் தொல்லையே, அதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்பது மணி நேர அமைதி ஒரு காட்டிற்கு மிகையன்று என்பதே எம் கருத்து. கோவைக்குச் செல்வோர் அறிந்த திம்பம் மலைப்பாதையிலும் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022-இல் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது.

உதகைக்குச் செல்லும் நேயர்கள் பெங்களூரிலிருந்து காலையிலேயே புறப்படுவது நலம். காட்டினுள் வண்டியை நிறுத்தி இறங்கலாகாது. குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிவதையும் தவிர்க்க வேண்டும். அதற்காகவே அவை சாலையில் வந்தமர்ந்து சக்கரத்தில் அகப்படுகின்றன.