தாலி ஏறும் முன் இரண்டு இட்லி

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் என்று பத்திரிகையில் அச்சாகும்போதே மணப்பெண்ணின் தூக்கம் போய்விடுகிறது. ஆறு மணிக்கு மணையில் உட்கார வேண்டுமென்றால் ஐந்தரைக்குள் புடவை கட்டி முடிந்திருக்க வேண்டும். முகத்துக்கும் ஜடைக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரமாவது வேண்டும் என்பார் மேக்கப் செய்பவர். அதற்கு முன்னால் தலைக்குக் குளித்துக் கூந்தலை உலர்த்தியாக வேண்டும். கணக்குப் பார்த்தால் இரண்டு மணிக்கு எழுப்பிவிட வேண்டியதுதான். முந்தைய இரவு ரிசப்ஷன். வரிசை கலைந்து, குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்து, தலையில் குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முகம் கழுவிப் படுக்கையில் சாயும்போது பன்னிரண்டு தாண்டிவிடும். வாழ்க்கையில் மறக்கவே கூடாது என்று நாம் நினைக்கிற காலையை இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கிறோம்.

கல்யாணக் காலையை ரசித்து அனுபவிப்பது எப்படி என்று கேட்டால் முகப் பொலிவு, மருதாணிச் சிவப்பு, பூ ஜடை, புடவைக்கேற்ற நகை என்று ஆலோசனைகள் வந்து குவியும். அவற்றைச் சொல்லித் தர ஆட்கள் ஏராளம். மண்டபத்தில் இருக்கும் ஐந்நூறு பேரில் காலை டிபன் சாப்பிடாத ஒரே இளம்பெண் மணப்பெண்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கல்யாணமாகி வருஷக்கணக்கான பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். மந்திரம் நினைவில் இருக்காது. தலை கனத்தது, கண் எரிந்தது, வயிறு காந்தியது, இவை அப்படியே நினைவில் இருக்கும்.

ஏன் சாப்பிடுவதில்லை? தாலி ஏறும் வரை பட்டினி இருக்க வேண்டும் என்கிற வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. நம்பிக்கையோடு இருப்பவர்கள் இருக்கட்டும். அவர்களிலும் பாலும் பழமும் அனுமதிக்கும் வீடுகளே அதிகம். மற்ற வீடுகளில் விரதம் எதுவும் கிடையாது. உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்பார்கள், ரவிக்கை பிடிக்கும் என்பார்கள், "அப்புறம் சாப்பிட்டுக்கலாம்மா" என்பார்கள். அந்த அப்புறம் பதினொரு மணிக்கு வரும்.

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம். மணப்பெண் தண்ணீர் குடிக்காததற்கு உண்மையான காரணத்தை அவள் வெளியே சொல்ல மாட்டாள். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். கனமான பட்டும் ஒட்டியாணமும் மாலையும் போட்டுக்கொண்டு, ஈரத் தரையில், இரண்டு பேர் புடவையைத் தூக்கிப் பிடிக்கப் போய்வருவது என்றால் யாருக்குமே மனசு வராது. ஒன்பது கஜம் கட்டுகிற குடும்பங்களில் கேட்கவே வேண்டாம். அதனால் முந்தைய இரவிலிருந்தே வாயைக் கட்டிவிடுகிறாள். மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா, எத்தனை கார் நிற்கும், பந்தியில் எத்தனை இலை போடலாம் என்று விசாரிக்கிறோம். மணமகள் அறையோடு சேர்ந்த கழிவறை எப்படி இருக்கிறது, உள்ளே புடவையோடு திரும்ப இடம் இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா, கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியாவது உண்டா என்று பார்ப்பதில்லை. முன்பணம் கொடுக்கும் முன் பெண்ணின் அம்மா முதலில் திறந்து பார்க்க வேண்டிய கதவு அதுதான்.

இதை நான் பெரிதுபடுத்துவதாகச் சிலருக்குத் தோன்றலாம். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! அப்படிப்பட்ட உடம்பைத் தூங்கவிடாமல், சாப்பாடும் தண்ணீரும் தராமல், ஹோமப் புகைக்கும் வீடியோ விளக்குக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டுச் சட்டென்று எழுந்து அக்கினியை வலம் வரச் சொல்கிறோம். கண் இருட்டத்தான் செய்யும். அப்போது திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறோம். அதையே பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்திருக்கலாம்.

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கி வந்து விழுங்கும் பழக்கம் சாதாரணமாகிவிட்டது. எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டிய மருந்து அது. ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

பெண்ணின் அப்பாவையும் கவனியுங்கள். ஐம்பத்தைந்து, அறுபது வயது, சர்க்கரை நோய். கன்னிகாதானம் முடியும் வரை அவரும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். ஆனால் பழக்க தோஷத்தில் காலை மாத்திரையைப் போட்டுக்கொள்வார், அல்லது இன்சுலினைக் குத்திக்கொள்வார். சாப்பாடு இல்லாமல் மருந்து மட்டும் உள்ளே போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் வியர்த்தால் அனல் என்று நினைப்போம். நடுங்கினால் பெண்ணைப் பிரியும் துக்கம் என்று நினைப்போம். முந்தைய வாரமே டாக்டரிடம் கேட்டு அன்றைய மருந்தை எப்போது, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் தம்பியின் சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும்.

நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஞாயிற்றுக்கிழமையில் ராகு காலம் மாலை நாலரைக்கு மேல், எமகண்டம் பன்னிரண்டுக்கு மேல். காலை முழுக்க இரண்டும் இல்லாத நாள் அது. லக்னம் ஒத்துவந்தால் ஒன்பது, பத்தரைகூட வைக்கலாம். ஜோசியரிடம் "நல்ல முகூர்த்தம் பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டால் அவர் முதலில் கண்ணில் படுவதைக் குறித்துக் கொடுப்பார். "எட்டுக்கு மேல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்தைப் புரட்டுவார். சுயமரியாதைத் திருமணக்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, உறவும் நட்பும் சூழ மாலை மாற்றினாலே அது முழுமையான திருமணம்தான். அவர்கள் வசதியாகக் காலை பத்து மணிக்கு அழைக்கிறார்கள், பெண் சாப்பிட்டுவிட்டு மேடையேறுகிறாள். ரிசப்ஷனை முந்தைய இரவு வைக்காமல் கல்யாணத்தன்று மாலைக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. மண்டப வாடகை கூடும் என்பது உண்மை. அப்படியானால் முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மேடையை முடித்துக்கொள்ளும் தைரியமாவது வேண்டும்.

படங்கள்தான் கடைசிவரை நிற்கும், அதற்காகக் கொஞ்சம் சிரமப்படலாம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் சாப்பிட்ட முகம்தான் படத்தில் நன்றாக விழும். விடியற்காலை நாலரை மணிக்குக் கண்ணாடி முன்னால் நகை போடுவதுபோல் நடிக்கவைக்கும் படங்களை ரிசப்ஷனுக்கு முந்தைய மாலை வெளிச்சத்திலேயே எடுத்துவிடலாம். கேமராக்காரரிடம் இதை முன்கூட்டியே பேச வேண்டும். அன்று அதிகாலையில் யார் பேச்சும் எடுபடாது.

எல்லாக் கல்யாணச் சமையலறையிலும் விடியுமுன்பே அடுப்பு எரியும். சமையல் மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் முதல் ஈடு இட்லி நேராக மணமகள் அறைக்கு வந்துவிடும். உதட்டுச் சாயம் கடைசியில்தானே பூசுவார்கள்? அதற்கு முன் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால். எண்ணெய் வடை வேண்டாம், வயிறு எரியும். விரத வீடுகளில் இட்லியை விட்டுவிட்டுப் பாலோடும் பழத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம். முகூர்த்தப் புடவையை வாங்கிக்கொண்டு மாற்ற உள்ளே வருவாளே, அந்தப் பத்து நிமிஷத்தில் ஓர் இளநீர், ஸ்ட்ரா போட்டு. கழிவறைக்குப் போகவும் அதுதான் சமயம், புதுப்புடவையைச் சுற்றுவதற்கு முன்னால்.

இதற்கென்று ஓர் ஆளை நியமிப்பது அவசியம். அம்மாவால் முடியாது, அவரை ஆயிரம் பேர் கூப்பிடுவார்கள். நகை, மொய்ப்பை, சீர்த்தட்டு எதுவும் கையில் இல்லாத ஒரு சித்தியோ தோழியோ போதும். மேக்கப் செய்பவரிடம் "அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாத்தனார் முடிச்சுப் போட்டு, மெட்டி போட்டு, பாலும் பழமும் கொடுத்து முடிந்தவுடன் மேடைக்கு அன்பளிப்பு வரிசை கிளம்பும். அதே சித்தி அங்கே குறுக்கே நின்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் முதலில் பந்திக்குக் கூட்டிப்போகட்டும். வந்தவர்கள் இருபது நிமிஷம் காத்திருப்பார்கள்.