கரையேறிய சமுத்திரகுமாரி

தொல்காப்பிய அகத்திணையியலில் கடற்பயணம் குறித்து ஒரு விதி உண்டு. பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதே அதற்கு உரையாசிரியர்கள் பலர் கொண்ட பொருள். பிற்காலக் காப்பியமும் இந்த எல்லையை எளிதில் தாண்டவில்லை. மணிமேகலை முதன்முறை மணிபல்லவத்துக்குச் செல்லும்போது உறக்கத்தில் தெய்வத்தால் தூக்கிச் செல்லப்படுகிறாள். சாவக நாட்டுக்கு மந்திர வலிமையால் வான்வழியே போகிறாள். அவளைப் பின்தொடரும் சாவக மன்னன் புண்ணியராசன்தான் கப்பல் ஏறுகிறான். பெண் கடலைக் கடந்துவிட்டாள். ஆனால், அவள் கையில் துடுப்பு இல்லை.

அந்தத் துடுப்பைத் தமிழ் வாசகர் மனத்தில் அழியாதபடி ஒரு பெண்ணின் கையில் கொடுத்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் வரும் பூங்குழலி, கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காப்பவரின் மகள். அரசகுலத்தில் பிறந்தவள் அல்லள். வந்தியத்தேவனை இரவோடு இரவாக ஈழத்துக்குப் படகில் கொண்டு சேர்ப்பவள் அவளே. இடி விழுந்து எரிந்த கப்பலிலிருந்து கடலில் குதித்துத் தத்தளிக்கும் அவனையும் அருள்மொழிவர்மனையும் மீட்பவளும் அவளே.

கடலே இல்லாத மாவட்டத்தைச் சேர்ந்தவன் நான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நீர் என்றால் கண்மாய் நீர்தான். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால்தான். திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகும் குண்டாறு, பெரும்பாலான மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமுமாகவே கிடக்கும். ஆயினும் இந்தக் கரிசல் காட்டு வீடுகளில், வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதைக் கட்டுகள் பரணில் இருந்தன. அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர்களில் பெண்களே மிகுதி. கடலைப் பார்த்திராத அவர்களுக்குக் கடல் கதை எதைக் கொடுத்தது?

தப்பித்துப் போகும் கனவைக் கொடுத்தது என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மையே. பூங்குழலியின் துணிவு வாள்வீச்சில் இல்லை, தொழிலறிவில் இருக்கிறது. காற்று எப்போது திரும்பும், எந்த நேரத்தில் படகை இறக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் எங்கே கால் வைத்தால் புதைகுழி விழுங்கும் என்பதும் தெரியும். அதை அறியாத வந்தியத்தேவன் அவளைத் துரத்தி வந்து சேற்றில் சிக்கியபோது, கரையில் நின்று காப்பாற்றியது அந்த அறிவுதான். இரவில் சதுப்பில் எழும் தீச்சுடர்களைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரார் அஞ்சும்போது, அவற்றைத் தன் காதலர்கள் என்று சொல்லிச் சிரிக்க அவளால் முடிகிறது. மேகத்தைப் பார்த்து விதைப்பு நாளைக் கணிக்கும் பெண்கள் வாழும் மானாவாரி நிலத்தில் இந்தத் துணிவு அந்நியமானதன்று. உழைப்பில் ஊறிய அறிவே வீரம் என்று ஒரு சரித்திரக் கதை சொன்னதை அவர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

பின்னர் வந்த கடல்சார் சரித்திரக் கதைகள் இந்த இழையை முழுமையாகப் பற்றிக்கொள்ளவில்லை. சாண்டில்யனின் ‘யவன ராணி’யில் நாயகி பூம்புகார்க் கரைக்குக் கடல்வழியே வந்து சேர்பவள். ‘கடல் புறா’வில் கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி வருகிறாள். ஆனால், அந்தக் கப்பலின் போக்கைத் தீர்மானிப்பவன் கருணாகரத் தொண்டைமானே. அந்த நாவல்களின் விறுவிறுப்பு குறைவானதன்று. ஆனால், அவற்றில் கடலின் நுட்பம் ஆணிடம் இருக்கிறது. அழகும் அரசுரிமையும் பெண்ணிடம் இருக்கின்றன.

கல்கியிடமும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவர் படைத்த கடல்மகளிர் இருவர். பூங்குழலி ஒருத்தி, அவளுடைய அத்தை, வாய் பேசாத மந்தாகினி மற்றொருத்தி. ஈழத்துக்கும் சோழ நாட்டுக்கும் இடையே தன் விருப்பப்படி படகில் திரிந்த மந்தாகினி, தஞ்சை அரண்மனைக்குள் கொண்டுவரப்பட்டு, சுந்தர சோழரைக் காக்க முனைந்து உயிர் விடுகிறாள். பூங்குழலியோ சேந்தன் அமுதனை மணக்கிறாள். அவனே உத்தம சோழனாக முடிசூட, அவள் அரசியாகிறாள். ஒருத்திக்கு மரணம், மற்றவளுக்கு மகுடம். முடிவில் கடலில் பெண்ணின் படகு இல்லை. அரியணையை நாம் பரிசாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். இழந்தது என்ன என்று கேட்பதில்லை.

இது தமிழுக்கு மட்டுமே உரிய குறையன்று. 1883இல் நூலாக வெளிவந்த ஸ்டீவன்சனின் ‘டிரெஷர் ஐலண்ட்’ கதையில் நாயகனின் தாயைத் தவிரக் குறிப்பிடத்தக்க பெண் பாத்திரமே கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ஆவி 1990இல் எழுதிய, சார்லட் டாயில் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமியின் கதை வேறு வழியில் போகிறது. 1832இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும் அவள், வழியில் மாலுமியாகிறாள். வீடு திரும்பியதும் தந்தை அவளை மீண்டும் பழைய ஒழுங்குக்குள் அடைக்கிறார். இறுதியில் அவள் சன்னல் வழியே வெளியேறிக் கப்பலுக்கே போய்விடுகிறாள். கதையின் உயிர் அந்த முடிவில்தான் இருக்கிறது.

நம் இலக்கியம் தயங்கி நிற்கும் இடத்தை வாழ்க்கை கடந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவில் உள்ள இராமநாதபுரம் கடற்கரையில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தீவுகளை ஒட்டி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 2024 அக்டோபர் 2 அன்று, இந்தியக் கடற்படை அதிகாரிகளான தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். இருவர் மட்டுமே செலுத்திய அந்தப் படகு, தென் அமெரிக்காவின் கொம்பு முனையைச் சுற்றி, 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே மாத இறுதியில் உலகை வலம்வந்து திரும்பியது.

கதையின் முடிவு இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் படிப்பவை ஒரு பெண்ணுக்கு உலகின் எல்லையை வரைந்து காட்டுகின்றன. எங்கள் பகுதியில் படிப்பு முடிந்ததும் முடியாததுமாகப் பஞ்சாலை வண்டி ஏறும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு வெளியுலகம் என்பது திருமணம் வரைக்குமான இடைவேளை என்றே பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு துணிந்தவளும் கடைசியில் கரையேறித்தான் ஆக வேண்டும் என்று கதையும் சொன்னால், வீட்டின் சொல்லுக்கு இலக்கியம் சாட்சி சொன்னதாகிவிடும்.

பூங்குழலியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, படகோட்டும் எளிய பெண்ணொருத்தியைச் சோழ வரலாற்றின் நடுவே நிறுத்தியது பெரிய செயல். அதை அடுத்த தலைமுறைப் பெண்கள் படிக்க வேண்டும். ஊர்ப்புற நூலகங்களில் ஐந்து பாகங்களும் கிழியாமல் கிடைக்க வேண்டும். அதோடு, இன்றைய எழுத்தாளர்கள் முன்னே ஒரு வேலை காத்திருக்கிறது. பாசி எடுப்பவளையோ பாய்மரம் ஏற்றுபவளையோ நாயகியாக்கி, முடிவில் அவளைக் கடலிலேயே இருக்கவிடும் ஒரு சரித்திரக் கதை நமக்குத் தேவை. மழையை எதிர்பார்த்திருக்கும் எங்கள் காட்டிலிருந்தும் அதைப் படிக்க ஆளிருக்கும்.