முதல் பயணத்தில் காணிக் கதை வேண்டாம்

ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று சிதறிக் கிடக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வருடம் பிறந்ததும் ஒரு பேச்சு எழும். இந்த வருடம் ஊருக்குப் போவதா, அடுத்த வருடம் பார்ப்பதா? அடுத்த வருடம் என்றே பதினைந்து வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போகிறது, மூத்த பிள்ளை பல்கலைக்கழகம் போகப் போகிறது, இனி விட்டால் எல்லோரும் ஒன்றாகப் போக முடியாது என்ற நிலை வரும்போதுதான் டிக்கெட் போடுகிறார்கள். அப்படி நீண்ட காலம் கழித்துக் குடும்பமாகப் போகிறவர்களுக்கான விளக்கம் இது.

முதலில், ஏன் இத்தனை வருடம்? ஊரில் உள்ளவர்களே இதைச் சில வேளை கேட்பார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வெளியேறியவர்களில் பெரும்பாலானோர் அகதி விண்ணப்பம் போட்டுத்தான் தங்கினார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி, தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தானாகவே மீண்டும் நாடினால் அகதி நிலை பறிபோகலாம். அதனால்தான் அகதிகளுக்குக் கொடுக்கும் பயண ஆவணத்தில் சொந்த நாடு தவிர்ந்த மற்ற நாடுகளுக்கே அனுமதி இருக்கும். குடியுரிமை கிடைத்துப் புதுக் கடவுச்சீட்டு கையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அது வருவதற்குள் அப்பாவின் செத்தவீடு வீடியோக் கசெற்றில் வந்து சேர்ந்திருக்கும்.

கடவுச்சீட்டு கிடைத்தவர்களுக்கும் பாதை இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி மூடப்பட்டது. போர்நிறுத்தத்தில் 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. இடைப்பட்ட அந்த நான்கு வருடத்தில் ஒரு தடவை ஓடிப்போய் வந்தவர்கள் உண்டு. மற்றவர்களுக்குப் போர் முடிந்த 2009 வரை பொறுக்க வேண்டி வந்தது. அதன் பிறகும் பயம் விட்டுப்போகச் சில வருடம் எடுத்தது. ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்ற பழி பெரும்பாலும் இந்தத் தேதிகளைத் தெரியாததால் வருகிறது.

இப்போது போவது சிரமமில்லை. கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடித்தால் ஏழெட்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம். இரயில் பிடித்தவர்களுக்கு யாழ்தேவி இருக்கிறது. 1990இல் நின்ற சேவை, தண்டவாளமே இல்லாமல் போன பாதையை இந்திய உதவியோடு புதிதாகப் போட்டு 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது. சென்னை வழியாக வருகிறவர்கள் நேரே பலாலியில் இறங்கலாம். ஆனால் அந்தத் தடத்தில் ஓடுபவை சிறிய ஏ.டி.ஆர். ரக விமானங்கள். ஆளுக்கு இரண்டு பெரிய சூட்கேஸ் என்று கனடாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் சென்னையில் மூட்டையைப் பிரித்துத் திண்டாட வேண்டியதுதான். பொதி அளவை முன்கூட்டியே பாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதற்குக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தை நம்புங்கள், போன வருடம் போய்வந்த மச்சானை நம்ப வேண்டாம்.

எந்த மாதம் போவது? மேற்கு நாடுகளின் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். நல்லூரில் ஆடி அமாவாசையை அடுத்த ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் திருவிழா. 24ஆம் நாள் தேர். இரண்டும் ஒன்றாக வருவதால் புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறார்கள். சொந்தபந்தம் எல்லோரையும் ஒரே இடத்தில் காணலாம் என்பது லாபம். வான் வாடகையும் அறை வாடகையும் ஏறுவது நட்டம். வெயில் கொளுத்தும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னதாகவே, ஜூனில் போவது நல்லது. மார்கழி விடுமுறையில் போனால் மழையும் நுளம்பும் சேர்ந்து வரும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. டெங்கு ஒழியவில்லை, மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கூடும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் கொடுக்கலாம், அஸ்பிரினும் ஐபுபுரொஃபனும் கூடாது. பயணப்பெட்டியில் ஐபுபுரொஃபன்தான் முதலில் ஏறும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் காணி. பயணம் கசந்துபோனது என்று திரும்பி வந்து சொல்கிறவர்களின் கதையை முழுதாகக் கேட்டால், பத்தில் ஏழெட்டு காணியில்தான் போய் முடியும். எண்ணிப் பார்த்த கணக்கல்ல. கேட்டுக் கேட்டு வந்த எண்ணம்.

கொக்குவிலில் மூன்று பரப்பு வளவும் ஒரு கல்வீடும் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பதால் பெரிய காணியல்ல. 1988இல் தகப்பன் மூத்த மகளுக்குச் சீதனமாக உறுதி எழுதுகிறார். தனக்கும் மனைவிக்கும் சீவிய உரித்து வைத்துக்கொள்கிறார். அதாவது காணி மகளுடையது, உயிருள்ளவரை குடியிருக்கும் உரிமை பெற்றோருடையது. 1991இல் மகள் கனடா போய்விடுகிறாள். 1995 அக்டோபர் கடைசியில் போரால் கொக்குவில் உட்பட வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போகிறது. அடுத்த வருடம் பெற்றோர் திரும்பி வரும்போது கூரையில் ஓடு இல்லை, கதவு இல்லை. மாமி மகன் குடும்பத்தோடு வந்து கூட இருந்து வீட்டைத் திருத்துகிறார். பெற்றோரை அவரும் மனைவியுமே கடைசிவரை பார்க்கிறார்கள். அவர்கள் காலமானதும் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை. கிடுகு வேலி தகர வேலியாகிறது, கிணற்றுக்கு மோட்டார் வருகிறது, பின்வளவில் வாழை வருகிறது. இருபத்தைந்து வருடம் கழித்து மகள் கணவனோடும் பிள்ளைகளோடும் படலையைத் திறக்கிறாள்.

உறுதி அவள் பெயரில். உழைப்பு அவர்களுடையது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் வந்த மூன்றாம் நாளே, "வீட்டை என்ன செய்யிற யோசனை?" என்று வாயெடுத்தால் அன்றைக்கே புட்டும் சம்பலும் தொண்டையில் இறங்காது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, அவர் உரிமையை ஏற்காமல், பத்து வருடம் இடையறாமல் ஆட்சி செய்தால் காணிக்கு உரிமை கோரலாம். ஆனால் அனுமதியோடு குடியிருப்பவர் சும்மா இருந்தாலே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அனுமதி கொடுத்ததற்கு எழுத்து இருக்கிறதா என்பதே கேள்வி. தொலைபேசியில் சொன்ன வார்த்தைக்கு யார் சாட்சி? உறவு நன்றாக இருக்கும்போதே நொத்தாரிசிடம் போய் ஓர் ஒப்பந்தம் எழுதிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. திருத்தியதற்கு என்ன கணக்கு என்பதையும் அதிலேயே எழுதலாம்.

இதற்கு மேல் வடக்கில் தேசவழமை இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிந்த யாழ்ப்பாண வழக்காறு, இன்றும் சட்டமாகவே நடைமுறையில் உள்ளது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகை பிரிக்கும். அது பொருந்துகிற மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கவும் கணவன் சம்மதம் வேண்டும். பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்துவிட்டு விற்கும் கையைக் கட்டிவைக்கும் இந்த ஏற்பாடு இன்னும் நீடிப்பது வெட்கக்கேடு என்பது என் கட்சி. ஆனாலும் உறுதி முடிக்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் கூட்டுப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். வாங்கும் முன்னுரிமை அவர்களுக்கு. ஒரு பங்காளி சிட்னியில், ஒருவர் பேர்லினில், ஒருவர் எங்கே என்றே தெரியாது என்றால் இது எத்தனை மாத வேலை என்று கணக்குப் போடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும், நெருங்கிய உறவில் உரிமைவழியாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும் விலக்கு உண்டு.

வலிகாமம் வடக்குக்காரர் கதை வேறு. 1990இல் பலாலி, மயிலிட்டிப் பக்கத்துக் காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, பிறகு துண்டு துண்டாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017இல் திறந்தது. விடாத காணிகள் இன்னும் உண்டு. விட்ட இடத்திலும் வீடு இராது. கிணற்றையும் ஒரு மரத்தையும் வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனையும் மூன்று கிழமைப் பயணத்தில், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, பிரதேச செயலகத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் அலைந்து முடிக்கிற காரியமா? அதனால்தான் சொல்கிறேன், முதல் பயணத்தில் காணிக் கதையை எடுக்காதீர்கள். உறுதியின் பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வருடம் பெரியவர் ஒருவர் தனியே, அவசரமில்லாமல், அந்த வேலைக்கென்றே போகட்டும். இல்லையென்றால் நம்பகமானவருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுக்கலாம். எந்தக் காணி, என்ன அதிகாரம் என்று வரையறுத்து எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுத்துவிட்டுக் காணியைத் தேடித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

காணியை ஒதுக்கினால் பயணத்துக்கு இடம் கிடைக்கும். ஊரார் முதலில் கேட்பது, "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?" என்று. பிள்ளைகளுக்கு இது விரட்டுவது போலக் கேட்கும். எத்தனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை விளக்கிவிடுங்கள். கூப்பிடுகிற வீட்டின் நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும். 2022இல் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐ எட்டியது. வெளிநாட்டுக் காசுக்கு ஊரில் எல்லாம் மலிவு, ஊர்ச் சம்பளத்துக்கு எல்லாம் விலை. உங்களுக்கு இறால் கறி வைத்த வீட்டில் அந்த மாதம் வேறேதோ ஒரு செலவு குறைந்திருக்கும். விலை கேட்டு, "இவ்வளவுதானா!" என்று வியப்பதை வானுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டு போகிற பொருளில் பாவித்த உடுப்பு வேண்டாம். யாழ்ப்பாணக் கடைகளில் இன்று எல்லாம் கிடைக்கிறது. நோவுக்குப் பூசும் களிம்பும் நல்ல மூக்குக்கண்ணாடிச் சட்டமும் சொக்லேட்டை விட நாள்பட நிற்கும். கையில் காசு கொடுப்பதென்றால் கடைசி நாளில், மற்றவர் பார்க்காமல், பெரியம்மாவின் கைக்குள் வைத்து அழுத்துவதுதான் முறை.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது? கோயில் மூன்றுக்கு மேல் போனால் முகம் தொங்கும். ஆனால் கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க விட்டால் மணித்தியாலக் கணக்கில் நிற்கும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கும் மழைநீரே கிணறாக வருகிறது, அதனால்தான் சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று சொல்லிக் கொடுக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம், போத்தல் தண்ணீர் போதும். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குக் கூட்டிப் போங்கள், படகுக்காகவே வருவார்கள். பொது நூலகத்துக்கும் போங்கள். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட கட்டடம், இன்று வெள்ளையாக நிற்கிறது, உள்ளே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஏன் அம்மாவும் அப்பாவும் ஊரை விட்டுப் போனார்கள் என்பதைச் சொல்லத் தொடங்க இதைவிடத் தோதான இடம் ஊரில் இல்லை. தமிழ் தடக்கினால் சிரிக்க வேண்டாம் என்று மச்சான் மச்சாளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். சிரிப்பார்கள்தான். ஒரு கிழமையில் பிள்ளையும் பதிலுக்குச் சிரிக்கும்.

திரும்பும் பெட்டியைப் பற்றி ஒன்று. வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, பருத்தித்துறை வடை, மோர்மிளகாய், கருவாடு என்று வழியனுப்ப வருகிற ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் திணிப்பார்கள். போகிற நாட்டுச் சுங்கம் எதை விடும் என்று முன்பே பாருங்கள். ஆஸ்திரேலியாக்காரர் இரண்டு தடவை பாருங்கள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் பொருள்தான் போகும், ஒளித்தால் அபராதமும் சேரும். கருவாட்டை எத்தனை பொலித்தீனில் சுற்றினாலும் விமான நிலைய நாய்க்கு அது ஒரு பொருட்டல்ல.