மூளை சொல்லும் 'போதும்'

பந்தியில் இலை நிறைந்துவிட்டால் கையைக் குறுக்கே நீட்டி, 'போதும்' என்கிறோம். வாங்குபவர் சொன்னதும் பரிமாறுபவர் நிறுத்துகிறார். மூளையின் நரம்பு செல்களுக்குள்ளும் இந்த வழக்கம் உண்டு. செய்தியை வாங்கும் செல், ஆனந்தமைடு போன்ற வேதிப்பொருளைச் சுரந்து, செய்தி அனுப்பிய செல்லுக்கே திருப்பிவிடும், அது அடங்கும். 1992இல் கண்டறியப்பட்ட ஆனந்தமைடுக்கு, சமஸ்கிருத 'ஆனந்த'த்தை வைத்தே பெயர் சூட்டினார்கள்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் இதைப் பிரித்தெடுத்தனர். நரம்பு செல்லில் ஆனந்தமைடு வந்து அமரும் இடங்களான ஏற்பிகளிலேயே இதுவும் அமர்கிறது. ஆனந்தமைடு விரைவில் சிதைந்துவிடும், டி.எச்.சி. மணிக்கணக்கில் தங்கும். ஓரிடத்தில் ஒரு கணம் கேட்க வேண்டிய 'போதும்', மூளையெங்கும் ஓயாமல் கேட்கிறது. நினைவைப் பதிக்கும் பகுதியில் கேட்டால், சற்றுமுன் பேசியது மறக்கும். சிறுமூளையில் கேட்டால் உடல் தடுமாறும். அந்த நிலையில் வண்டி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. இதயம் வேகமாகத் துடிக்கும். சிலரைக் காரணமில்லாத அச்சமும் சந்தேகமும் பிடித்துக்கொள்ளும். கஞ்சாவைப் புகைக்காமல் தின்றால் போதை ஏறத் தாமதமாகும். ஏறவில்லையே என்று மேலும் தின்பவர்கள் பெரும் அவதிக்கு ஆளாகிறார்கள்.

'மூலிகைதானே' என்று பையன்கள் சொல்வதுண்டு. அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மூளை முதிர ஏறத்தாழ 25 வயதாகும். அதுவரை எந்த நரம்பு இணைப்பு நிலைக்க வேண்டும், எது விலக வேண்டும் என்பதில் இந்த 'போதும்' ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. ராணுவப் பயிற்சிக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த சுவீடன் ஆய்வு 1987இல் வெளியானது. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய் சுமார் 6 மடங்கு அதிகம் காணப்பட்டது. புகைக்கும் எல்லோருக்கும் அந்நோய் வந்துவிடாது. குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல்.

பயன்படுத்துவோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். தினமும் புகைப்பவரின் மூளை, ஓயாத அந்தக் கூச்சலைத் தாங்காமல் ஏற்பிகளையே குறைத்துக்கொள்கிறது. நிறுத்தினால் முதல் வாரத்தில் தூக்கம் வராது, பசிக்காது, கோபம் பொங்கும். அதைக் கடந்து நான்கு வாரம் தாக்குப்பிடித்தால் ஏற்பிகள் பெருமளவு மீண்டுவிடுகின்றன. தனியாகப் போராட வேண்டாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. வாய்விட்டு 'போதும்' என்று ஒருமுறை சொல்லுங்கள். மூளை தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பும்.