உறை சேர்ந்தது, உள்ளிருந்தது எங்கே?

மும்பையில் நான் பணியாற்றிய கிளை ஒன்றுக்கு, இரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் கணக்கு அறிக்கையுடன் வந்து அமர்ந்தார். தந்தையார் விட்டுச்சென்ற அஞ்சல்தலைத் தொகுப்பிலிருந்து, 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தியடிகள் அஞ்சல்தலைகள் நான்கையும் அவர் இணையச் சந்தை ஒன்றின் வழியே கொல்கத்தாவில் உள்ள ஒருவருக்கு விற்றிருந்தார். ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என்னும் அந்நான்கும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குபவை. பணம் அவர் கணக்கில் வந்தது. மூன்று வாரங்களுக்குப் பின் அதே தொகை கழிக்கப்பட்டிருந்தது.

"உறையைக் கொடுத்துவிட்டதாகக் கூரியர் பதிவில் இருக்கிறதே சார், பிறகு எப்படிப் பணத்தை எடுத்தார்கள்?" என்று கேட்டார்.

வாங்கியவரின் புகார் உறை வரவில்லை என்பதன்று. உறை வந்தது, உள்ளே அஞ்சல்தலைகள் இல்லை என்பதே புகார். கூரியர் ரசீதை வாங்கிப் பார்த்தேன். பொருள் என்னும் இடத்தில் 'ஆவணம்' என்று எழுதியிருந்தது. மதிப்பு என்னும் இடம் வெறுமையாக இருந்தது. உண்மையை எழுதினால் வழியில் எவரேனும் எடுத்துவிடுவர் என்று அஞ்சியதாகச் சொன்னார். அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் அதனால் அவர் கையில் எந்தச் சான்றும் இல்லாமற் போயிற்று. அத்தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

பழைய நாணயம், பணத்தாள், அஞ்சல்தலை ஆகியவற்றை இணையவழி விற்கும் நம் வாடிக்கையாளர்கள் பெருகிவருகின்றனர். பூசல் எழுந்தால் அவர்கள் நிறுவ வேண்டியவை மூன்று: என்ன அனுப்பினோம், அதன் மதிப்பு என்ன, அது யார் கையில் சேர்ந்தது. 'ஒப்படைக்கப்பட்டது' என்னும் கூரியர் பதிவு மூன்றாவதில் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். முதலிரண்டுக்கும் உரிய சான்றுகளைப் பொதி நம் கையைவிட்டுப் போகுமுன் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

சட்டம் கூறுவது

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 39ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தின்படி பொருளை வாங்குபவருக்கு அனுப்பவேண்டியிருக்கையில், அதனைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைப்பது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக முதல்நோக்கில் கொள்ளப்படும். இதை மட்டும் படித்தவர் விற்பவர் கடமை அத்துடன் முடிந்தது என எண்ணக்கூடும். அதே பிரிவு மேலும் ஒன்று சொல்கிறது. பொருளின் தன்மைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைக் கொண்டுசெல்பவருடன் விற்பவர் செய்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல் பொருள் வழியில் தொலைந்தால், அந்த ஒப்படைப்பைத் தம்மிடம் ஒப்படைத்ததாக ஏற்க வாங்குபவர் மறுக்கலாம். விலையுயர்ந்த நாணயத்தை மதிப்புக் குறிக்காமல் சாதாரண உறையில் அனுப்புவதை நியாயமான ஏற்பாடு என்று வாதிடுவது கடினம்.

எப்போதேனும் தம் சொந்தப் பொருளை விற்பவருக்கும் தொடர்ந்து விற்பனை செய்பவருக்கும் வேறுபாடு உண்டு. பின்னவருக்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையெனில், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ அவர் மறுக்க இயலாது. ஆகவே கிழிசல், கறை, தேய்மானம் எதையும் விளம்பரத்தில் மறைக்கலாகாது.

ரசீதில் அச்சிட்ட சிற்றெழுத்து

கூரியர் ரசீதில் பொறுப்பு வரம்பு ஒன்று பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவண உறை உரிய காலத்தில் சேரவில்லை. அனுப்பிய நிறுவனம் பெருந்தொகை இழப்பீடு கோரியது. அனுப்பியவர் கையொப்பமிட்ட ரசீதில் 100 அமெரிக்க டாலர் என்னும் வரம்பு அச்சிட்டிருந்ததால், அத்தொகையே செல்லும் என்று நீதிமன்றம் தீர்த்தது. படிக்காமல் இட்ட கையொப்பமும் கையொப்பமே.

அஞ்சல் துறையிலும் இதே நிலைதான். காப்பீடு செய்யாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால், செலுத்திய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே இழப்பீடு. ஐம்பது ரூபாய் கட்டணத்தில் அனுப்பிய உறைக்கு நூறு ரூபாய்தான் கிடைக்கும். உள்ளே பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் இருந்தது என்பது கணக்கில் வராது. எனவே மதிப்புள்ள பொருளுக்குக் காப்பீடு கேட்டுப் பெறுங்கள். கூரியரில் அனுப்புவோர், நாணயமும் பணத்தாளும் அந்நிறுவனம் ஏற்கும் பொருள்களா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏற்கக்கூடாத பொருளை வேறு பெயரில் அனுப்பினால் காப்பீடும் பயன் தராது.

அனுப்புமுன் செய்யவேண்டியவை

பொருளின் முன்புறமும் பின்புறமும் தெளிவாகப் படமெடுங்கள். பணத்தாளாயின் வரிசை எண்ணும், அஞ்சல்தலையாயின் ஓரப் பற்களும் தெரியவேண்டும். பிறகு பொருளைக் காட்டுவது முதல் உறையை ஒட்டி முகவரியைக் காட்டுவது வரை, இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். ஒட்டிய இடத்தின் குறுக்கே கையொப்பமிடுங்கள். பிரித்து ஒட்டினால் அது காட்டிக்கொடுக்கும்.

நாணயத்துக்கு எடை நல்ல சான்று. முன்பதிவு ரசீதில் உள்ள எடையும் சேர்ந்தபின் உள்ள எடையும் வேறுபட்டால் பொருள் வழியில் எடுக்கப்பட்டது தெரியும். அஞ்சல்தலைக்கு இது உதவாது. அதன் எடை அவ்வளவு சிறிது. அங்கே படமும் காணொளியுமே துணை.

சேகரிப்புப் பொருளுக்கு அச்சிட்ட விலை கிடையாது. பத்து ரூபாய்த் தாளைப் பல நூறு ரூபாய்க்கு விற்றீர்கள் என்பதை விற்பனைப் பக்கத்தின் படம், வாங்கியவருடன் நிகழ்ந்த உரையாடல், பணம் வந்த பதிவு ஆகியவையே காட்டும். இம்மூன்றையும் ஒன்றாகச் சேமித்து வையுங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டில் ஓ.டி.பி. காட்டிப் பெறும் வசதியும், பெறுநரிடமே ஒப்படைக்கும் பதிவு வசதியும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். யார் கையில் சேர்ந்தது என்னும் கேள்விக்கு இதைவிட மலிவான விடை இல்லை.

பணம் வந்த வழி

வாங்குபவர் கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், பொருள் வரவில்லை என்றோ சொன்னபடி இல்லை என்றோ தம் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோரலாம். அதற்குப் பொதுவாக 120 நாட்கள் வரை காலம் உண்டு. எனவே சான்றுகளைக் குறைந்தது ஆறு மாதம் அழிக்காதீர்கள். விளக்கம் கேட்டு இணையச் சந்தையிலிருந்து வரும் மின்னஞ்சலுக்குக் குறித்த நாளுக்குள் விடையளியுங்கள். விடை வராவிடில் தீர்ப்பு வாங்கியவர் பக்கம் போய்விடும்.

தனிநபர் ஒருவருக்கு யூ.பி.ஐ. வழியே செலுத்திய தொகையைப் பொருள் வரவில்லை என்பதற்காக வங்கி தானாகத் திரும்ப எடுக்க இயலாது. ஆனால் ஏமாற்றப்பட்டதாக வாங்கியவர் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தால், உங்கள் கணக்கில் அத்தொகை நிறுத்திவைக்கப்படக்கூடும். அப்போது உங்களை விடுவிப்பவை மேற்சொன்ன சான்றுகளே.

பொதி காணாமற்போனால்

வாங்கியவர் கேட்குமுன் நீங்களே அவருக்குத் தெரிவியுங்கள். பெரும்பாலான பூசல்கள் மௌனத்தால்தான் வளர்கின்றன. அன்றே கொண்டுசென்ற நிறுவனத்திடம் எழுத்துவழிப் புகார் அளித்துப் புகார் எண் பெறுங்கள். தீர்வு கிடைக்காவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் மனுக் கட்டணம் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

பழைய நாணயத்தையும் பணத்தாளையும் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமோ வரியோ கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். இதனை ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நூறாண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. விலை எவ்வளவு கவர்ச்சியாயினும் அத்தகைய விற்பனைக்கு இசையாதீர்கள்.

இரயில்வே அன்பர் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். இரண்டாம் முறை உண்மைப் பெயரும் மதிப்பும் எழுதி, காப்பீடு செய்து ஒரு தொகுப்பை அனுப்பியிருந்தார். 'ஒப்படைக்கப்பட்டது' என்று பதிவு காட்டியும், தமக்கு வரவில்லை என்று வாங்கியவர் எழுதினார். நம்மவர் ரசீதையும் காணொளியையும் அனுப்பி, ஒப்படைப்புப் பதிவில் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்டார். குடியிருப்பின் காவலாளிதான் வாங்கி வைத்திருந்தார். மறுநாளே மன்னிப்புக் கேட்டு மறுமொழி வந்தது.

"இனி ஓ.டி.பி.யும் போட்டுவிடுகிறேன் சார், ஐந்து ரூபாய்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.